துணிக்குக் கழித்தது

அந்தத் தையற்கடையில் அளவு கொடுக்க வருகிறவர்களை யாரும் மேல்சட்டையைக் கழற்றச் சொன்னதில்லை. குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையோடு வருவார்கள். மழைநாளில் அதற்கு மேல் இன்னொன்றும் போட்டுக்கொண்டு வருவார்கள். மாஸ்டர் தோளில் கிடக்கும் டேப்பை எடுத்து அப்படியே மார்பைச் சுற்றி அளப்பார். பிறகு அவர்கள் போட்டிருக்கும் துணியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகக் கிள்ளிப் பார்ப்பார். “இதுக்கு ஒண்ணரை போகும்” என்று முணுமுணுத்துக்கொண்டே, கழித்துவிட்ட அளவைத்தான் துணியில் சாக்குக்கட்டியால் போடுவார். கோட்டு தைத்து வாங்கியவர்களில் இறுக்குகிறது என்று திரும்பி வந்தவர் கிடையாது. தொளதொளவென்று இருக்கிறது என்று வந்தவரும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அந்த விரல்களைப் பார்த்து வாய்பிளப்பார்கள். மாஸ்டர் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் அன்று கத்தரிக்கோல் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு ஓடும்.

கடையில் மூன்று பேர். வெட்டுவது மாஸ்டர். மெஷினில் உட்கார்ந்து தைப்பவருக்குப் பாபின் என்று பட்டப்பெயர்; மெஷினின் நூல் உருளைபோல நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும் வாய். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் மாஸ்டரின் மனைவி. அவளை எல்லோரும் அக்கா என்பார்கள். தடியூன்றி வரும் கிழவர்களும் அக்கா என்பார்கள். “எனக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கெல்லாம் நான் எப்படி அக்காவானேன்னு தெரியல” என்று அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொல்வாள்.

அக்கா எந்தக் கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். கடை தொடங்கிய புதிதில், நீராவி இஸ்திரிப் பெட்டியின் குழாய் பிய்த்துக்கொண்டு அவளுடைய இடது கையில் முழங்கையிலிருந்து தோள்வரை அடித்துவிட்டது. ஆறிய பிறகு தோல், நூல் இழுத்துக்கொண்ட துணிபோலச் சுருங்கி நின்றது. அதற்குப் பிறகு, கட்டிய புருஷன் முன்னாலும் வெளிச்சத்தில் அவள் அந்தக் கையைக் காட்டியதில்லை. அவரும் காட்டச் சொன்னதில்லை. அவளுக்கு வேண்டிய முழுக்கைச் சட்டைகளை எல்லாம் அவரே தைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். இடது கை மட்டும் வலது கையைவிட ஒரு நூல் தளர்வாக இருக்கும். உராயக் கூடாது என்று வைத்தது. அவளுக்கு அது தெரியும். அதைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கடையை ஒட்டியிருந்த அந்த வீட்டுக்குள் வந்தது மகள் மூலமாக. வேறு ஊரில் குடித்தனம் நடத்துகிறவள். அப்பா அம்மா இருவருக்கும் ஐம்பது தாண்டியாயிற்றே என்று வாங்கி அனுப்பியிருந்தாள். பெட்டிக்குள் ஒரு படம் இருந்தது. அதில் ஒருவர் வெறும் இடது கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் படத்தைப் பார்த்தார். பிறகு மனைவியின் சட்டைக்கையைப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் வலது கையில் கட்டிப் பார்த்திருப்பார். ஆனால் படத்தில் இடது கை என்றால் மாஸ்டருக்கு இடது கைதான்; மேலே துணி இருப்பது மட்டும் அவருக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை. மடித்து விட்டிருந்த தன் சட்டைக்கையை இறக்கி, மணிக்கட்டில் பட்டனைப் போட்டு, அதற்கு மேலேயே பட்டையைக் கட்டிக்கொண்டார். “இப்படியே பாக்கலாம், ஒண்ணும் குத்தமில்ல” என்றார். அவருக்கு முடிந்ததும் அவளுக்கும் சட்டைக்கு மேலேயே கட்டினார். அவள் முகம் இளகியதைப் பார்த்தபோது, நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அன்றைக்கு அது நல்ல காரியமாகத்தான் இருந்தது.

இருவருக்குமே எண் நூற்றைம்பதைத் தாண்டி நின்றது. மாஸ்டர் தன் சட்டைக்கையையும் அவளுடையதையும் கிள்ளிப் பார்த்தார்.

“துணிக்கு இருபது போகும்” என்றார்.

அளவு என்பது வெறும் உடம்பின் அளவு அல்ல, உடம்பும் அதை மூடியிருப்பதும் சேர்ந்ததுதான் என்பது அவர் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த உண்மை. டேப்பைப் பொறுத்தவரை அதில் பிசகே இல்லை. ஓர் இடத்தில் உண்மையாக இருப்பது இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போனாலும் உண்மையாகவே இருக்கும் என்று அவர் நம்பினார். படித்தவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள்; பெரும்பாலும் அவர்களுக்கு யாரும் அதற்கான விலையைச் சொல்வதில்லை.

ஆக, மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ வெட்டும் மேசை காலியாக இருக்கும் நேரத்தில் கருவி வெளியே வரும். மாஸ்டர் கிள்ளுவார், கழிப்பார், சொல்வார். ஒருநாள் பாபினும் கையை நீட்டினார். அவர் மெஷினில் உட்காரும்போது வெறும் கையில்லாத பனியனோடுதான் உட்காருவார். கிள்ளிப் பார்க்கத் துணியில்லை. எண் நூற்றைம்பத்தைந்து. மாஸ்டர் சற்று யோசித்துவிட்டு, “உனக்குக் கழிக்க ஒண்ணுமில்லப்பா. போய் டாக்டரைப் பாரு” என்றார்.

“ஏன் மாஸ்டர், எனக்கு மட்டும் ஒரு அஞ்சாவது கழிக்கக் கூடாதா? பனியனுக்குன்னு ஒண்ணும் கிடையாதா?”

“பனியன் வயித்துலதான் இருக்கு. அளவு கையிலல்லவா எடுத்தேன்.”

பாபின் முணுமுணுத்துக்கொண்டே போய் டாக்டரைப் பார்த்தார். அன்று தொடங்கிய மாத்திரையை இன்றுவரை விடாமல் போட்டுக்கொண்டு கல்லுக்குண்டு போல இருக்கிறார். “மாஸ்டர் வாயால போன்னு சொன்னாரு, போனேன், பொழச்சேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

வருடங்கள் போகப் போக மாஸ்டர் வீட்டு எண்களும் ஏறின. நூற்றறுபது, நூற்றெழுபது. வேடிக்கை என்னவென்றால், எண் ஏற ஏற, விரலுக்குக் கிடைத்த துணியும் கனத்துக்கொண்டே போனது. “இது அடர்த்தியான நெசவு, இருபத்தஞ்சு போகும்.” “இது துவைச்சுத் துவைச்சு சுருங்கிடுச்சு, முப்பது வை.” அவர் பொய் சொல்லவில்லை. கோட்டு அளவில் ஒரு நூல்கூடப் பிசகாத அந்த விரல்கள், தாம் விரும்பிய எண் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தன. அதை அவர் கவனிக்கவில்லை.

மற்றவர் உடம்பு கூடுவதையும் குறைவதையும் அவர்களுக்கு முன்பே கண்டுபிடிக்கிறவர் அவர். தன்னுடைய கணுக்காலில் காலுறை பதிந்த பள்ளம் சாயங்காலம்வரை மறையாமல் இருந்ததற்கு, நாள் முழுக்க நின்று வெட்டுவதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டார். சிறுநீர் நுரைத்தது. சூடு என்று நினைத்துக்கொண்டார். சோற்றைக் கண்டால் குமட்டியது. வயது என்றார். கடைசியில் ஒரு காலை, வெட்டும் மேசைமேல் குனிந்தவர் நிமிர முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பாபின் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போய்விட்டன என்றார் டாக்டரம்மா. அதிகம் பேசாத, பேசினால் மழுப்பாத பெண்மணி. ரத்த அழுத்தம் பல வருடமாகச் சத்தமில்லாமல் அரித்திருக்கிறது என்றும், முன்பே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே வெகுதூரம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றும் சொன்னார். வீட்டில் கருவி இருக்கிறது, எப்போதும் சரியாகத்தான் இருந்தது என்று மாஸ்டர் சாதித்தார். அப்படியானால் கருவி பழுதாயிருக்கும் என்றார் டாக்டரம்மா. கேட்க அது நியாயமாக இருந்தது. வீடு திரும்பியதும் அக்கா அந்தக் கருவியைக் குப்பையில் போட்டாள். போடுவதற்கு முன் அதை நாலு வார்த்தை திட்டினாள்.

அதன்பின் அவருடைய வாரம் ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாகப் பிரிந்தது. இடது முன்கையில் நரம்பையும் நாடியையும் சேர்த்துத் தைத்து ஒரு வழி பண்ணியிருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்தால், மூடி போட்ட மெஷின் ஓடுவதுபோல உள்ளே விர்ரென்று ஓடும். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, அழுத்தம் பார்க்கக் கூடாது. பார்ப்பதெல்லாம் வலது கையில். இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். முடிந்து எழுந்தால், பிழிந்து உதறிய துணிபோல இருப்பார். மறுநாள் வெட்ட நிற்பார். அதற்கு மறுநாள் மறுபடி ஆஸ்பத்திரி.

எல்லாவற்றிலும் கொடுமை தாகம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து கொடுத்தாள் அக்கா. அவர் மருந்துச் சீசாவின் மூடியில் ஊற்றிக் குடித்தார், நிறையத் தடவை குடித்தது போலிருக்கும் என்று. காய்களை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் அவள் சமைத்துவைப்பதை மூவருமே சாப்பிட்டார்கள். பாபின் தட்டைப் பார்த்து, “மாஸ்டர், உங்க புண்ணியத்துல என் பொழப்பும் உப்புச்சப்பில்லாம போச்சு” என்பார். மாஸ்டர் சிரிப்பார். சிரித்தால் உதடு வெடித்து எரியும்.

ஒருநாள் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமலே, தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். ரத்த வகை ஒன்றுதான் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவைத்திருந்தாள். மாஸ்டர் வேண்டாம் என்றார். மகளுக்குக் கைக்குழந்தை, அவளிடம் கேட்பதில்லை என்று இருவரும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். வேறு யாரும் இல்லை. அவர் மறுபடி வேண்டாம் என்றார். ஆனால் அன்று முதல் அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்போதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கும் நினைப்பு வந்தது. அதை அவரால் தடுக்க முடியவில்லை. அவர் மூன்றாம் முறை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பரிசோதனைக்குப் போன நாளில் அவளைத் திரைக்கு அந்தப்பக்கம் உட்காரவைத்தார்கள். மாஸ்டர் இந்தப்பக்கம் பெஞ்சில். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“சார், ரெண்டு கையிலயும் பாக்கணும், உள்ள அக்கா இடது கையைக் காட்ட மாட்டேங்கறாங்க. சட்டை மேலயே கட்டுங்க, எங்க வீட்டுக்காரர் துணிக்குக் கழிச்சுச் சொல்லிடுவாருன்னு சொல்றாங்க. என்ன கணக்கு சார் அது?”

மாஸ்டர் பெருமையோடுதான் சொன்னார். துணியைக் கிள்ளிக் காட்டினார். இந்த மாதிரித் துணிக்கு இருபது என்றார்.

நர்ஸ் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையில் சட்டைக்கு மேலேயே பட்டையைக் கட்டி அழுத்தினாள். பிறகு சட்டைக்கையைச் சுருட்டி விட்டு, சற்று நேரம் கழித்து வெறும் கையில் மறுபடி பார்த்தாள். இரண்டு எண்ணும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.

“மெல்லிசு துணிக்கு ஒண்ணும் பெருசா போகாது சார்” என்றாள் அவள், இப்போது சிரிக்காமல். “கனத்த துணின்னா அளவே நம்ப முடியாது. அதனாலதான் வெறும் கையில பாக்கறோம். கழிக்கறதுக்குக் கணக்குன்னு ஒண்ணு எங்கயும் இல்ல.”

இரண்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிசகு எங்கே என்று பார்ப்பதுதான் மாஸ்டரின் தொழில். யாரும் அவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. கருவியில் பழுதே இருந்ததில்லை. நர்ஸ் திரைக்குள் திரும்பிப் போனாள். உள்ளே அக்காவின் குரலும், பிறகு பட்டன் அவிழும் சின்னச் சத்தமும் கேட்டன. பாபினின் பனியன் கண்முன் வந்தது. துணியில்லாததால் பிழைத்தவர் அவர்.

முடிவுகள் வந்த அன்று டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அக்காவுக்கும் பல வருடமாக அழுத்தம் இருந்திருக்கிறது. இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது. சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கியிருக்கிறது. கொடுப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை. இன்றிலிருந்து மாத்திரையை விடாமல் போட்டு, உப்பைக் குறைத்து, அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் தன்னுடையதையாவது அவள் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அக்கா நம்பவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அவசரத்தில் தப்பாகப் பார்த்துவிட்டார்களாம். பயத்தில் ஏறியிருக்குமாம். இத்தனை வருடம் மாதம் தவறாமல் வீட்டில் பார்த்தோமே, ஒருதடவையாவது கூடுதலாக இருந்ததா? அந்தக் கருவி பழுதென்றே வைத்துக்கொண்டாலும், பார்த்தது யார்? “நீங்க பாத்துச் சொன்னதைவிட இவங்க என்ன கண்டுட்டாங்க?” மாஸ்டர் முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் மறுக்காததால், தன் பக்கம் நிற்பதாக அவளுக்குப் பட்டது.

சில வாரங்கள் அப்படியே ஓடின. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பார். அவள் தண்ணீரை அளந்து எடுத்துக்கொண்டு வருவாள். வாய் அதைக் குடித்துவிட்டு மூடிக்கொள்ளும். மாத்திரையைப் போடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தார். ஒருநாள் கோட்டுக்கு ஒத்த நிறத்தில் பட்டன் தேடி, அவளுடைய பட்டன் டப்பாவைக் கவிழ்த்தபோது, பட்டன்களோடு பிரிக்காத மாத்திரை அட்டைகளும் விழுந்தன. ஒன்றுகூடக் கிள்ளப்பட்டிருக்கவில்லை.

அதே நாள் மதியம் அக்கா, அவருக்காக வாங்கியிருந்த புதுக் கருவியை எடுத்து வந்து வெட்டும் மேசைமேல் வைத்தாள். வேறோர் ஆஸ்பத்திரியில் விசாரித்திருக்கிறாளாம். அங்கே போய் மறுபடி எல்லாம் பார்க்கலாமாம். அதற்கு முன் அவர் ஒருதடவை பார்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

“கட்டுங்க. நீங்க சொன்னா அதுதான் எனக்கு” என்று முழுக்கைச் சட்டையோடு இடது கையை நீட்டினாள்.

அவர் கட்டினார். பட்டை உப்பி, இறுகி, பெருமூச்சு விட்டுத் தளர்ந்தது. நூற்று எழுபத்தெட்டு. அவள் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிள்ளவில்லை.

“துணிக்கு எவ்வளவு போகும்?” என்று அவளே கேட்டாள்.

“துணிக்கு ஒண்ணும் போகாது.”

பாபினின் மெஷின் நின்றது.

“எப்பவுமே போகல” என்றார் மாஸ்டர். “நர்ஸ் என் கையிலயே பாத்துக் காட்டிச்சு. நான்தான் கழிச்சேன். எனக்கும் கழிச்சேன், உனக்கும் கழிச்சேன். மெஷின்ல கோளாறே இல்ல.”

அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பட்டை அதிலேயே கிடந்தது. வெகுநேரம் அவள் அதைப் பார்த்தாள். அவர் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

“சட்டை மேல கட்டினது என் கைக்காகத்தானே” என்றாள். “நான் இதை மறைக்காம இருந்திருந்தா...”

“உன் கை இல்ல. என் விரலு.”

“நீங்க முதல்ல உங்க சட்டைக்கையை இறக்கி விட்டது எனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?”

ஊசிபட்டுத் தடித்துப்போன அவருடைய இடது முன்கையில் அந்த விர்ரென்ற ஓட்டம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“என்னோட ஒண்ணைத் தரலாம்னு நெனச்சேன்” என்றாள் அவள். சிறுநீரகத்தைச் சொல்கிறாள் என்று புரிய அவருக்குச் சற்று நேரமாயிற்று. “அது ஒண்ணுதான் நெனச்சேன்.”

“அது உங்கிட்டயே இருக்கட்டும். அதைக் கெடுத்துக்காத. அந்த மாத்திரையைப் போடு. உன்கிட்ட நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

பாபின் எழுந்து, எதையோ வாங்கிவரப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். என்ன வாங்க என்று சொல்லவில்லை. வாசலைத் தாண்டும்போது கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பேசாமல் கடையைவிட்டுப் போனதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அக்கா பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். கழுத்துப் பட்டன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். எல்லாம் அவள் கையாலேயே வைத்த பட்டன்கள். இடது தோளிலிருந்து சட்டையை இறக்கிக் கையை வெளியே எடுத்தாள். கடையின் முன்பக்கத்து வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. மாஸ்டர் பார்த்தார். அவர் நினைத்துவைத்திருந்ததைவிட அந்தத் தழும்பு சின்னதாகவே இருந்தது. இத்தனை வருடம் அவர் அதற்கு விட்டுவைத்த தளர்வு கொஞ்சம் அதிகம்.

வெறும் தோலில் பட்டையைச் சுற்றினார். அவருடைய விரல் நுனி பட்ட இடத்தில் அவள் உடம்பு ஒருமுறை உதறி அடங்கியது. கருவி உப்பியது, பெருமூச்சு விட்டது.

“நூத்தி எழுபத்தாறு” என்றார் மாஸ்டர்.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள், பழக்கத்தில். அவர் எதையும் கழிக்கவில்லை. பிறகு அவள் பட்டன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, அட்டையிலிருந்து மாத்திரை ஒன்றைக் கிள்ளி எடுத்தாள். தண்ணீருக்காகக் கையை நீட்டியவள், பக்கத்தில் இருந்தது அவருக்கென்று அளந்து வைத்த தம்ளர் என்பதைக் கவனித்து, கையை மடக்கிக்கொண்டு, அதை வெறும் வாயிலேயே விழுங்கினாள்.